பதினேழாம் கண்ணாடிப்பெட்டி

புதன்கிழமை. விடியலிலிருந்து மழை.
கச்சேரியடியில் எங்கள் சின்ன அருங்காட்சியகத்துக்கு
இதுவரை நாலு டிக்கெட்.
மூன்று பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

"தொடாதீர்கள்" பலகையை
மூன்று மொழியிலும் காலையில் துடைப்பேன்.
பிறகு கண்ணாடிகளை.
பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மூக்குநுனி எண்ணெய்,
கனடாவிலிருந்து வந்தவர்களின் மோதிரக் கீறல்,
எல்லாம் என் துணிக்குத் தெரியும்.

இதற்கு முன் ஒன்பது வருசம்
முகமாலையில்
குப்புறப் படுத்து மண்ணைத் தொட்டதற்குச் சம்பளம்.
கம்பியைச் சரித்து மெல்ல விட்டு,
தட்டுப்படுவது கல்லா, வேரா,
கால் கேட்கிற பிளாஸ்டிக் மூடியா என்று
மணிக்கட்டால் வாசிப்பது.
அங்கும் பலகையில் இதே சொல்,
மண்டையோட்டுப் படத்தின் கீழே.
அந்தச் சொல்லோடு எனக்குக் கோபமில்லை.
அது காப்பாற்றிய கால்கள்
சந்தைக்குப் போய்வருவதைக் கண்டிருக்கிறேன்.

முற்றத்துக் கல் நந்திக்கு இடக்காது இல்லை.
ஒருவரும் உடைக்கவில்லை.
அன்பாய்த் தடவித் தடவியே
இல்லாமல் ஆக்கிவிட்டார்கள்.
பித்தளைக்கு விரலின் உப்பே போதும் என்பார்
பொறுப்பாளர் மிஸ்:
இன்றைக்குத் தொட்டால்
மாரி முடியக் களிம்பாய் எழும்பும்.
நம்புகிறேன். நானும் கண்டிருக்கிறேன்.

நாலாமவர்
பதினேழாம் பெட்டியை விட்டு நகரவில்லை.
மூக்குப்பேணி.
"விருந்தினருக்கு நீர் வழங்கப் பயன்பட்டது."
குடை சொட்டிச் சொட்டி
அவர் செருப்பைச் சுற்றி ஒரு குளம்.
வருகைப் புத்தகத்தில்:
சி. வல்லிபுரம், கரவெட்டி, ஓய்வுபெற்ற பஸ் சாரதி.

"பிள்ளை, இதை ஒருக்காத் தொடலாமோ?"

இங்கே தொடுகிறவர்கள் கேட்பதில்லை.
கேட்ட முதல் ஆள் இவர்.

"விதானையார் வீட்டில இப்பிடி ஒண்டிலதான் தண்ணி குடுப்பினம்.
எங்களுக்கில்லை.
எங்களுக்கு வேலியில ஒரு சிரட்டை செருகிக் கிடக்கும்.
நாங்களே எடுத்து ஏந்தோணும்."

கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பது போலச் சொன்னார்.

லாச்சியைத் திறந்து
வெள்ளைக் கையுறையை நீட்டினேன்.
சிரித்தார்.
"உறை போட்டுத் தொடுறதெண்டா, பிள்ளை,
அது அவை எங்களைத் தொட்ட மாதிரியெல்லோ."

பிறகு,
"இந்தச் சட்டம் எல்லாருக்குமோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.
போன மாதம் மந்திரி வந்தவர்.
இதே பேணியை வெறுங்கையால் தூக்கி
குடிக்கிற மாதிரி அண்ணாந்து நின்றார்.
பிளாஷ் ஏழு தரம் மின்னியது.
பதிவேட்டில், காரணம் என்ற இடத்தில்:
மேலிட உத்தரவு.
எழுதியது என் கை.

"இல்லை ஐயா" என்றேன்.

சாவி துருப்பிடித்திருந்தது. இரண்டு தரம் திருக வேண்டியிருந்தது.

அவர் தூக்கவில்லை.
பேணியின் மூக்குத் துவாரத்தை
ஒரு விரலால் கொஞ்சநேரம் அடைத்தார்.
பிறகு உள்ளங்கையை விரித்து அதன் வயிற்றில் வைத்தார்.
"குளிருது," என்றார்.
பிறகு தூக்கிப் பார்த்து,
"பாரமெண்டெல்லோ நினைச்சிருந்தன்."

வைத்தார். குடையை எடுத்தார்.
எழுநூற்றைம்பது வரப்போகுது என்று இறங்கிப் போனார்.

விதிப்படி உடனே துடைக்க வேண்டும்.
துணி என் கையில்தான் இருந்தது.
மந்திரியின் பெருவிரல் அடியில் இலேசாய்ப் பச்சை பிடித்திருக்கிறது,
அன்று துடைக்க மறந்தது.
இவருடையது இன்னும் வெறும் ஆவி,
பார்த்துக்கொண்டிருக்கவே ஒடுங்குகிறது.
பெட்டியை மூடினேன்.

பதிவேடு.
திறந்தது 11.20. மூடியது 11.24.
சேதம்: இல்லை.
காரணம்:
பேனை நின்றது.
மழை விட்டிருந்தது. ஒதுங்கிய மூவரும்
ஒன்றையும் பார்க்காமலே படியிறங்கினார்கள்.

எழுதினேன்:
பார்வையாளர் கேட்டார்.